குடவோலையும் கணக்கோலையும்



உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி வகுப்பில் பேசாத தமிழாசிரியர் அரியர். நானும் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறேன். குடம், ஓலை, ஓலையை எடுக்கும் சிறுவன், பழந்தமிழர் தேர்தல் கண்டனர் என்னும் பெருமிதம். அத்துடன் மணி அடித்துவிடும். சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுந்து, “ஐயா, தேர்ந்தெடுத்த பிறகு அவர்கள் ஒழுங்காக வேலை செய்தார்களா என்று யார் பார்த்தார்கள்?” என்று கேட்டாள். உடனே விடை கூற இயலவில்லை. வீட்டிற்கு வந்து கல்வெட்டுச் செய்திகளை மீண்டும் படித்தபோதுதான், இத்தனை ஆண்டுகளும் பாதிக் கல்வெட்டையே கற்பித்து வந்திருக்கிறேன் என்பது விளங்கிற்று.

முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், வெட்டப்பட்டவை அக்கல்வெட்டுகள். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தெரிவானோருள் 12 பேர் சம்வத்சர வாரியத்திற்கும், 12 பேர் தோட்ட வாரியத்திற்கும், 6 பேர் ஏரி வாரியத்திற்கும் சென்றனர். பதவிக்காலம் 360 நாள். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர இயலாது. வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரையும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடவோலையில் எழுதக்கூடாது.

கணக்கு எழுதுவோனுக்கும் விதி உண்டு. நேர்மையாகப் பொருளீட்டியவனே ஊர்க்கணக்கு எழுதலாம். தன் கணக்கைப் பெருமக்களிடம் ஒப்படைத்து, தூயவன் என்று ஏற்கப்பட்ட பின்னரே அவன் மீண்டும் அப்பணிக்கு வரலாம். எழுதியவனே கணக்கை முடித்துக் காட்டவேண்டும். முடித்துக் கொடுக்க வேறொருவனை அமர்த்தக்கூடாது. தவறைப் பிறர்மேல் போட்டுவிட்டு நழுவும் வழி ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அடைக்கப்பட்டுவிட்டது.

இன்னொன்றும் கருதத்தக்கது. 919இல் செய்த ஏற்பாட்டை இரண்டே ஆண்டுகளில் திருத்தினர். வாரியத்திற்குரிய வயது முதலில் 30 முதல் 60 வரை என்றிருந்தது. பின்னர் 35 முதல் 70 வரை என்றானது. விதி செய்வதோடு நில்லாமல், அவ்விதி எவ்வாறு நடக்கிறது என்று பார்த்து மாற்றவும் செய்தனர்.

ஆயினும் பெருமிதத்தில் நாம் மயங்கிவிடலாகாது. அது பிராமணர் சபை. வரி செலுத்தும் கால்வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடையவரே தகுதியுடையோர். பெண்களுக்கும், நிலத்தில் உழைத்தோர்க்கும் அங்கு இடமில்லை. ஏரிநீரில் வாழ்ந்த பலருக்கு ஏரிக்கணக்கைக் கேட்கும் உரிமை இல்லை. இதையும் மாணவர்க்குச் சொல்வதே நேர்மை.

இனி, நம் தேக்காவிற்கு வருவோம். சிராங்கூன் சாலையை ஒட்டிய பழைய கடைவீடுகளின் முன்புறத்தை அனைவரும் படம் பிடிக்கின்றனர். பின்புறச் சந்துகளை யாரும் நோக்குவதில்லை. சிங்கப்பூரின் பின்சந்துகளுக்குப் பின்னால் ஒரு கணக்கெடுப்பு இருக்கிறது. கல்கத்தாவில் சுகாதார அதிகாரியாயிருந்த சிம்சன் என்னும் மருத்துவர் 1906இல் இங்கு அழைக்கப்பட்டார். நகரின் நெருக்கமான வீடுகளை ஆராய்ந்து 1907இல் அறிக்கை அளித்தார். ஒன்றன் முதுகில் ஒன்று ஒட்டிய வீடுகள், ஒளியும் காற்றும் புகாத தடுப்பறைகள், அவற்றுள் பரவிய காசநோய் ஆகியவற்றை அவ்வறிக்கை எடுத்துக் காட்டியது. பின்வழி இல்லாத வீடுகளில் மலக்கூடையையும் முன்வாயில் வழியாகவே கொண்டு செல்ல வேண்டியிருந்தது. ஆகவே பின்சந்துகள் திறக்கப்பட வேண்டும் என்றார். 1927இல் தோன்றிய சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் அப்பணியை மேற்கொண்டது.

எண்ணிக்கை உயிர் காக்கும் என்பதற்கு இது சான்று. எனினும், அன்றைய இறப்புப் பதிவேடுகளில் பல சாவுகளுக்குக் காரணம் வெறும் ‘காய்ச்சல்’ என்றே எழுதப்பட்டது. என்ன காய்ச்சல் என்று தெரியாதபோது எதைத் தடுப்பது? மேலும், எண்ணப்பட்ட மக்களிடம் கருத்துக் கேட்கப்படவில்லை. 1913ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் நகராட்சி ஆணையர்கள் நியமிக்கப்பட்டனர். தேர்தல் மீண்டது 1949இல்தான். 1957இல் நகர மன்றம் முழுதும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1959இல் அதன் பணிகள் அரசாங்கத்திடம் சென்றன.

இப்போதைய நகர மன்றங்கள் வேறு வகையின. 1986இல் அங் மோ கியோவில் முன்னோடியாகத் தொடங்கி, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவை நிலைபெற்றன. நாம் மாதந்தோறும் செலுத்தும் சேவை, பராமரிப்புக் கட்டணம் அவற்றிடமே செல்கிறது. அவற்றின் தணிக்கை செய்யப்பட்ட கணக்குகள் நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகின்றன. 2010இல் மேலாண்மை அறிக்கை அறிமுகமானது. துப்புரவு, பராமரிப்பு, மின்தூக்கி, கட்டண நிலுவை முதலியவற்றுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனத் தரம் வழங்கப்பட்டது. 2017இல் சட்டம் திருத்தப்பட்டு, மேற்பார்வை அதிகாரங்கள் வலுப்பெற்றன. 2015 முதல் ‘ஒன்சர்வீஸ்’ செயலி வாயிலாகக் குடியிருப்பாளரே குறைகளைத் தெரிவிக்கலாம். ஏரி வாரியத்தின் ஓலைக்கும் இந்தக் கைப்பேசிக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகள் இருப்பினும், இரண்டும் கேட்பது ஒரே வினாவைத்தான்: பொதுப்பணம் பொதுப்பணிக்குச் சென்றதா?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வீட்டு அஞ்சல்பெட்டியில் வரும் நகர மன்ற மடல்களைப் பிரிக்காமலே குப்பையில் இட்டவன் நான். உத்திரமேரூரின் நிலமற்றவர்க்குக் கணக்குக் கேட்கும் உரிமை இல்லை; எனக்கோ உரிமை இருந்தும் அக்கறை இல்லை. கணக்கு எவ்வளவு செம்மையாக எழுதப்பட்டாலும் படிப்பவர் இல்லையேல் அது வெறும் தாளே. நிறத்தை மட்டும் பார்த்து நிறைவு கொள்வதும் போதாது. பச்சை எதனால் பச்சையாயிற்று என்று கேட்கத் தெரியவேண்டும். நம் பிள்ளைகள் அதைக் கற்காவிட்டால், நாளை அவர்களுக்காக யாரோ எண்ணுவர், யாரோ முடிவு செய்வர்.

ஆகவே இவ்வாண்டு வகுப்பில் ஒரு சிறு பயிற்சி வைத்தேன். மாணவர்கள் தத்தம் புளோக்கின் கீழ்த்தள அறிவிப்புப் பலகையைப் படித்து, அதிலுள்ள ஒரு செய்தியைத் தமிழில் எழுதி, அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவேண்டும். மின்தூக்கி எத்தனை நாளுக்கு ஒருமுறை பராமரிக்கப்படுகிறது, நீர்த்தொட்டி எப்போது கழுவப்பட்டது என்றெல்லாம் கேள்விகள் வந்தன. பாதிக்கு எனக்கே விடை தெரியவில்லை. பெற்றோரிடம் கேட்டு வரச் சொன்னேன்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை அக்கேள்வியோடு வந்தால், “இதெல்லாம் உனக்கு எதற்கு?” என்று கூறிவிடாதீர்கள். பலகையின் முன் சற்று நேரம் உடன் நில்லுங்கள். தேர்ந்தெடுத்த பிறகு யார் பார்த்தார்கள் என்று கேட்ட அம்மாணவிக்கு நான் தரக்கூடிய விடை இப்போதைக்கு அதுதான்.