உரிமம் இல்லாமல் ஓடிய ஆண்டு

ஐவன் மேஜர் 6 முறை உலகப் பட்டம் வென்ற ஸ்பீட்வே வீரர். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து இங்கிலாந்து போய்ப் பெயரெடுத்தவர். அவருடைய பந்தயக் கணக்கை ஆண்டுவாரியாகத் தொகுத்துக்கொண்டு வந்தபோது 1964இல் ஓர் ஓட்டை விழுந்தது. 1963இல் புரொவின்ஷியல் லீக் வீரர்களுக்கான தனிநபர் பட்டம் அவருக்கு. 1964இலும் அவருக்கே. அவருடைய நியூகாசில் அணிதான் அந்த ஆண்டு லீக் சாம்பியன். ஆனால் அதே ஆண்டின் உலகப் போட்டித் தகுதிச் சுற்றில் அவர் பெயர் இல்லை. பருவத்தின் முடிவில் பட்டம் வாங்கியவர் காயம்பட்டுப் படுத்திருக்க முடியாது. மற்ற பெயர்களையும் பார்த்தேன். அந்த லீக்கில் ஓட்டிய ஒருவரும் உலகப் போட்டியில் இல்லை. ஒரு லீக்கையே யாரோ வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள்.

விளையாட்டைப் பற்றி நாலு வரி சொல்ல வேண்டும். நான்கு பேர், நான்கு சுற்று, எப்போதும் இடப்பக்கமே திரும்பும் நீள்வட்டக் களம். 500 சிசி ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், மெத்தனால் எரிபொருள், ஒரே கியர், பிரேக் கிடையாது. வளைவு வந்ததும் பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, இடது காலின் இரும்புச் செருப்பைத் தரையில் உரசிக்கொண்டே வண்டியைத் திருப்புவார்கள். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. அன்றைய லீக் மோதலில் 13 ஓட்டங்கள், மொத்தம் 78 புள்ளி. 40-38 என்றால் மயிரிழையில் தப்பிய வெற்றி. 1923 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் மேற்கு மெய்ட்லண்ட் கண்காட்சித் திடலில் ஜானி ஹாஸ்கின்ஸ் மின்விளக்கு வெளிச்சத்தில் நடத்திய பந்தயத்தைத் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். 1928 பிப்ரவரி 19 அன்று லண்டனை ஒட்டிய ஹை பீச்சில் நடந்த பந்தயத்துக்குக் கூட்டம் அலைமோதியது. மறு வருடமே இங்கிலாந்தில் லீக் தொடங்கிவிட்டது.

இந்த விளையாட்டின் ரசிகர்கள் கணக்கு எழுதுவதில் கெட்டிக்காரர்கள். நிகழ்ச்சிப் புத்தகத்தின் நடுப்பக்கத்தில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நான்கு வரி கொண்ட கட்டம் இருக்கும். அந்நாளில் சிவப்பு, நீல ஹெல்மெட் உள்ளூர் அணிக்கு. வெள்ளையும் மஞ்சள்-கறுப்பும் விருந்தாளி அணிக்கு. ஓட்டம் முடிந்த கையோடு புள்ளியையும் நேரத்தையும் பென்சிலால் எழுதுவார்கள். வண்டி நின்றுபோனதா, ஆள் விழுந்தாரா, நடுவர் வெளியேற்றினாரா என்பதற்குத் தனித்தனிக் குறி உண்டு. தூறலில் நனைந்து உப்பிய தாளில்கூட, 13ஆம் ஓட்டம் வரை ஒரு கட்டம் விடாமல் நிரப்பியிருப்பார்கள். அறுபது வருடத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் மூன்றாவதாக வந்தவர் யார் என்பதை இன்றும் சொல்லிவிடலாம். அந்த லீக்கை வெளியே நிறுத்தியது யார் என்பதை மட்டும் இந்தப் புத்தகங்கள் சொல்லாது. பந்தயம் கோடையில் நடக்கிறது, முடிவுகள் குளிர்காலத்தில் எடுக்கப்படுகின்றன. குளிர்காலத்தில் நிகழ்ச்சிப் புத்தகம் அச்சாவதில்லை.

ஆகவே 1963 அக்டோபருக்கும் 1964 மார்ச்சுக்கும் இடைப்பட்ட செய்தித்தாள்களுக்குப் போனேன். பிரிட்டிஷ் நூலகத்தின் பழைய செய்தித்தாள்கள் இப்போது யார்க்‌ஷயரின் பாஸ்டன் ஸ்பாவில் இருக்கின்றன. தேசியப் பத்திரிகைகளில் அதிகம் கிடைக்காது. பந்தயக் களம் இருந்த ஊர்களின் மாலைப் பத்திரிகைகளை, கால்பந்துச் செய்திகளுக்குக் கீழே ஒதுங்கிக் கிடக்கும் சிறு பத்திகள் வரை, பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

அந்தப் பத்திகளிலிருந்து சித்திரம் துலங்குகிறது. 1963இல் இரண்டு லீக்குகள். நேஷனல் லீக் பழைய பெரியவர்களுடையது: பெல் வ்யூ, விம்பிள்டன், நார்விச், காவென்ட்ரி, ஆக்ஸ்ஃபோர்ட், ஸ்விண்டன், சவுதாம்ப்டன் என்று 7 அணிகள். 1950களில் கேளிக்கை வரியும் தொலைக்காட்சியும் கூட்டத்தைக் கரைத்த பிறகு எஞ்சியவை அவ்வளவுதான். வெம்ப்ளி அணியே 1956 பருவத்தோடு மூட்டை கட்டிவிட்டது. புரொவின்ஷியல் லீக், மைக் பார்க்கரும் ரெக் ஃபியர்மனும் முன்னின்று 1960இல் தொடங்கியது. கைவிடப்பட்ட களங்களைத் திறந்து, குறைந்த செலவில், ஊர்ப் பையன்களை வைத்து ஓட்டினார்கள். கூட்டம் வந்தது.

இரண்டு லீக்குகளுக்கும் இடையே போக்குவரத்து இல்லாமல் இல்லை. 1955, 1962 ஆண்டுகளின் உலகச் சாம்பியன் பீட்டர் க்ரேவன் 1963 செப்டம்பர் 20 அன்று பெல் வ்யூ அணியோடு புரொவின்ஷியல் அணியான எடின்பரோவின் மெடோபேங்குக்கு ஒரு நட்புப் போட்டிக்குப் போனார். முன்னால் விழுந்த உள்ளூர் வீரர் மேல் ஏறாமலிருக்க விலகி வேலியில் மோதினார். நான்கு நாளில் இறந்தார், வயது 29. எதிரணி வீரனைக் காப்பாற்ற நொடிப்பொழுதில் விலகியவரின் மரணச் செய்தி வந்த அதே பத்திரிகைகளில், சில மாதங்களுக்குள், நிர்வாகிகளின் சண்டையைப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

சண்டை இதுதான். 1962இல் சாம்பியனாக இருந்த சவுதாம்ப்டன், மறு பருவம் முடிந்ததும் இல்லாமல் போனது. அதன் பானிஸ்டர் கோர்ட் ஸ்டேடியம் வீடு கட்ட விற்கப்பட்டது. பெரிய லீக் இளைத்துப் போயிற்று. விளையாட்டின் கட்டுப்பாட்டு வாரியம் புரொவின்ஷியல் சாம்பியன் வுல்வர்ஹாம்ப்டனை மேலே வரச் சொன்னது. வுல்வர்ஹாம்ப்டனை நடத்தியவர் மைக் பார்க்கர். அவர் தம் லீக்கைப் பிளக்கச் சம்மதிக்கவில்லை, சகாக்களும் அவரோடு நின்றார்கள். வாரியம் அவர்களுடைய உரிமத்தை நிறுத்தியது. 1964 முழுக்க 12 அணிகள் உரிமம் இல்லாமலே ஓடின. அந்த வீரர்களுக்கு உலகப் போட்டி இல்லை, சர்வதேசப் பந்தயம் இல்லை. மேஜரின் பட்டியலில் விழுந்த ஓட்டைக்கு விடை இதுதான்.

ஆனால் 1965இல் எல்லோரும் ஒரே லீக்கில் இருக்கிறார்கள். ஒரே குளிர்காலத்தில் இது எப்படி நடந்தது? அந்தக் குளிர்காலத்தின் செய்தித்தாள்களில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது: லார்ட் ஷாக்ராஸ். நூரம்பர்க் விசாரணையில் பிரிட்டனின் தலைமை வழக்குரைஞராக இருந்த அதே ஹார்ட்லி ஷாக்ராஸ். அட்லி அரசின் அட்டர்னி ஜெனரல். இவ்வளவு பெரிய ஆள் தலைமை என்றால் அது அரசு விசாரணைக் குழு, காகிதங்கள் க்யூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் அமைச்சகம் எதுவும் அந்தக் குழுவை அமைக்கவில்லை. அமைத்தது ராயல் ஆட்டோமொபைல் கிளப், அதாவது மோட்டார் விளையாட்டுகளின் மேலதிகாரம் கொண்ட ஒரு தனியார் சங்கம். தொழில்முறை ஸ்பீட்வேயின் அமைப்பையும் எதிர்காலத்தையும் ஆராய்வதுதான் குழுவுக்குத் தந்த வேலை. தனியார் சங்கத்தின் அறிக்கையை அரசு அச்சகம் வெளியிடாது, நாடாளுமன்றத்தில் வைக்கவும் மாட்டார்கள். ஒரு விளையாட்டின் தலையெழுத்தைத் திருத்திய காகிதம் இத்தனை பேருக்குத் தெரியாமல் கிடப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அறிக்கை என்ன செய்தது என்பதை இரண்டு ஆண்டுகளின் பட்டியல்களை அருகருகே வைத்தே சரிபார்க்கலாம். 1964இல் வெஸ்ட் ஹாம் மறுபடி திறந்ததால் நேஷனல் லீக்கில் 7 அணிகள். புரொவின்ஷியலில் 12. கூட்டினால் 19. நார்விச்சின் ஃபர்ஸ் ஸ்டேடியமும் அந்த ஆண்டோடு வீட்டு மனையாகப் போனது, மிச்சம் 18. 1965இல் பிறந்த பிரிட்டிஷ் லீக்கில் இருந்ததும் சரியாக 18. மூடப்பட்ட மிடில்ஸ்பரோவின் இடத்தில் ஃபியர்மன் திறந்த ஹாலிஃபாக்ஸ், மற்றதெல்லாம் அப்படியே. கலகம் செய்த அணிகளில் ஒன்றைக்கூடக் கழித்துக்கட்டவில்லை. அபராதப் பிரிவு, இரண்டாம் தரம் என்று ஒதுக்கவில்லை. எல்லோரும் சமமாக உள்ளே வந்தார்கள். களம் நடத்துபவர்கள் அனைவருக்கும் பொதுவாக பிரிட்டிஷ் ஸ்பீட்வே புரமோட்டர்கள் சங்கம் உருவானது. விளையாட்டு நிர்வாகத்தில் இவ்வளவு பெருந்தன்மையான தீர்வை நான் அதிகம் கண்டதில்லை. முதல் பட்டம் வெஸ்ட் ஹாமுக்குப் போனது. 1966இல் மேஜர் முதல் முறை உலக இறுதிக்கு வந்து 4ஆம் இடம் பிடித்தார், 1968இல் பட்டம். 1968இலேயே இரண்டாம் பிரிவு தொடங்கும் அளவுக்கு அணிகள் பெருகின.

அமைப்பு சீர்பட்டது. அதன் உள் வேலையும் நுட்பமானது. வீரரின் புள்ளிகளை ஓட்டங்களால் வகுத்து நான்கால் பெருக்கினால் அவருடைய சராசரி. அணி மொத்தத்தின் சராசரி இவ்வளவைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு பின்னாளில் வந்தது. பணக்கார அணி எல்லா நட்சத்திரங்களையும் வளைத்துப்போட முடியாது. நன்றாக ஓட்டும் இளைஞன் சராசரி ஏறியதாலேயே அணியை விட்டுப் போக நேரும் என்பது இதன் வேதனையான மறுபக்கம்.

இங்கே தேடல் முடிந்திருக்கலாம். 1965இன் அந்த 18 பெயர்களை மட்டும் மேசையிலிருந்து எடுத்து வைக்க மனம் வரவில்லை. ஒவ்வொன்றின் எதிரிலும், அந்த மண்ணில் பந்தயம் எப்போது நின்றது என்று எழுதத் தொடங்கினேன். வெஸ்ட் ஹாம் 1972. ஹாலிஃபாக்ஸ் 1985. பெல் வ்யூவின் ஹைட் ரோடு 1987. க்ரேட்லி ஹீத் 1995. ஹாக்னி 1996, அந்த இடத்தில் 2012 ஒலிம்பிக்கின் ஒளிபரப்பு மையம் எழுந்தது. எக்சிட்டர் 2005. விம்பிள்டனின் ப்ளவ் லேனும் 2005. காவென்ட்ரி 2016. ஸ்விண்டன் 2019. வாரியத்தையே எதிர்த்து நின்ற வுல்வர்ஹாம்ப்டன் 2023. ஆக்ஸ்ஃபோர்ட் 2007இல் மூடி 2022இல் திரும்பியது அபூர்வம். இவற்றில் பலவற்றை வீழ்த்தியது லீக் சண்டையுமில்லை, வெறும் காலி இருக்கைகளுமில்லை. அணி நடத்துபவர் ஒருவர், மண்ணுக்குச் சொந்தக்காரர் வேறொருவர். நாய்ப் பந்தயத்துக்குக் கட்டிய ஸ்டேடியத்தில் வாரம் ஒரு மாலை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். ஊர் வளர்ந்தது, மனை விலை ஏறியது, குத்தகை முடிந்தது. 1963இல் சவுதாம்ப்டன் விற்கப்பட்டதில்தான் அந்தச் சண்டையே தொடங்கியது. முதல் தடயம் கடைசித் தடயமாகவும் இருந்தது.

வெஸ்ட் ஹாம் களம் இருந்த கஸ்டம் ஹவுஸ் பகுதியில் ஹாஸ்கின்ஸ் க்ளோஸ், வில்கின்சன் ரோடு, யங் ரோடு என்று தெருக்கள் இருக்கின்றன. ஜானி ஹாஸ்கின்ஸ், 1938 உலகச் சாம்பியன் ப்ளூயி வில்கின்சன், 1951, 1952 சாம்பியன் ஜாக் யங் ஆகியோரின் பெயர்கள். கைச்செலவுக்குத் திண்டாடும் விளையாட்டுக்குத் தெருப்பலகையில் மரியாதை செய்வதை என்னால் கொண்டாட முடியவில்லை.

போலந்தில் நிலைமை வேறு. டோருனின் மோட்டோ அரீனாவை நகராட்சியே கட்டி 2009இல் திறந்தது. அங்கே களம் ஊருக்குச் சொந்தம், மனை வியாபாரிக்குப் பேரம் பேச ஆளில்லை. இன்று உலகின் வலுவான லீக் அங்கேதான் இருக்கிறது. மேஜரின் 6 பட்டங்களை 2025இல் எட்டிய பார்டோஷ் ஸ்மார்ஸ்லிக்கும் அந்த மண்ணின் மகன்.

காவென்ட்ரி அணியின் பிராண்டன் ஸ்டேடியம் 2016க்குப் பிறகு பாழடைந்து கிடக்கிறது. அங்கே வீடு கட்டக் கேட்ட அனுமதியை ரக்பி பரோ கவுன்சில் 2022இல் மறுத்தது. மேல்முறையீட்டில் பகிரங்க விசாரணை நடந்து அதுவும் தள்ளுபடியானது. ஷாக்ராஸ் குழுவுக்குத் தந்த அதே கேள்விதான் அங்கேயும் விசாரிக்கப்பட்டிருக்கிறது, இம்முறை ஒரு திட்ட அனுமதி அதிகாரியின் முன்னால், மண்ணைப் பற்றிய கேள்வியாக. அந்த விசாரணைக் காகிதங்கள் பொது ஆவணம், யார் கேட்டாலும் பார்க்கலாம். அடுத்து நான் படிக்கப்போவது அவற்றைத்தான்.