சொன்னவரும் சொன்ன செய்தியும்: அமெரிக்க அணுமின் துறையில் பணியாளர் பாதுகாப்புச் சட்டம் வளர்ந்த வரலாறு

அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்பதையோ, ஒரு வெல்டிங் தேறாமலே தேறியதாக எழுதப்பட்டிருக்கிறது என்பதையோ முதலில் அறிபவர் அங்கே வேலை பார்ப்பவர். வெளியிலிருந்து எத்தனை ஆய்வாளர்கள் வந்து போனாலும் அந்த அறிவுக்கு ஈடாகாது. அவரால் வாய் திறக்க முடிகிறதா என்பதில் சுற்றியுள்ள ஊர்களின் உயிரும் அடங்கியிருக்கிறது.

அமெரிக்கா இதற்கென்றே 1978இல் ஒரு சட்டப் பிரிவை இயற்றியது. எரிசக்தி மறுசீரமைப்புச் சட்டத்தின் 210ஆம் பிரிவு அது. 1992இல் 211 என எண் மாறியது. இப்பிரிவின் வரலாற்றை உரிமைகள் படிப்படியாக விரிந்த கதையாகச் சொல்லலாம். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் வழக்குகளையும் விபத்துகளையும் சேர்த்துவைத்துப் படித்தால் வேறொன்று புலப்படுகிறது. சட்டம் ஒரே புகாரை இரண்டாகப் பிரித்தது. சொன்னவரைத் தொழிலாளர் துறையிடமும், சொன்ன செய்தியை அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்திடமும் ஒப்படைத்தது. சொன்னவருக்கான காப்பு கூடிக்கொண்டே வந்தது. செய்தியைக் கேட்டு நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்ற கடமை அந்த வேகத்தில் வளரவில்லை. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

பிரிவுக்கு முன்

1954ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம் தனியார் மின் நிறுவனங்களுக்குக் கதவைத் திறந்தபோது, உலைகளை வளர்க்கும் பொறுப்பும் அவற்றைக் கண்காணிக்கும் பொறுப்பும் ஒரே அணுசக்தி ஆணையத்தின் கையில் இருந்தன. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1974 அக்டோபர் 11 அன்று குடியரசுத் தலைவர் ஃபோர்டு கையெழுத்திட்ட மறுசீரமைப்புச் சட்டம் அந்த இரண்டையும் பிரித்தது. 1975 ஜனவரியில் ஒழுங்குமுறை ஆணையம் தனியாக இயங்கத் தொடங்கியது. பெரிய குறைபாடுகளை ஆணையத்துக்குத் தெரிவிக்கும் கடமையை அச்சட்டத்தின் 206ஆம் பிரிவு நிறுவன இயக்குநர்கள் மீதும் பொறுப்பு அதிகாரிகள் மீதும் சுமத்தியது. கீழே வேலை செய்பவரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

கையெழுத்தாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஓக்லஹோமாவில் கெர்-மெக்கீ நிறுவனத்தின் சிமரான் ஆலையில் புளூட்டோனிய எரிபொருள் கோல்கள் தயாராகிவந்தன. அங்கே ஆய்வகத்தில் பணியாற்றிய 28 வயது கேரன் சில்க்வுட் தொழிற்சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழு உறுப்பினர். கோல்களின் தரப் பதிவுகள் திருத்தப்படுகின்றன என்று சங்கம் செப்டம்பரில் வாஷிங்டன் வரை சென்று முறையிட்டிருந்தது. நவம்பர் தொடக்கத்தில் அவர் உடலிலும் குடியிருப்பிலும் புளூட்டோனியக் கலப்பு கண்டறியப்பட்டது. நவம்பர் 13 இரவு, நியூயார்க் டைம்ஸ் செய்தியாளரைச் சந்திக்கக் காரோட்டிச் செல்லும் வழியில் விபத்தில் இறந்தார். கையில் எடுத்துச் சென்றதாகச் சொல்லப்பட்ட ஆவணங்கள் கிடைக்கவில்லை. விபத்தின் காரணம் பற்றிய சர்ச்சை இன்றும் ஓயவில்லை; அதற்குள் இக்கட்டுரை புகவில்லை. அவர் உயிரோடு இருந்து வேலையை மட்டும் இழந்திருந்தாலும், அணுசக்திச் சட்டங்களில் அவருக்கென்று எந்த நிவாரணமும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதே இங்கே முக்கியம். கதிரியக்கக் கலப்புக்காகக் குடும்பம் தொடுத்த வழக்கு 1984இல் உச்ச நீதிமன்றம்வரை சென்று, 1986இல் 13.8 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது.

1976 பிப்ரவரியில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் அணு உலைப் பிரிவிலிருந்து டேல் பிரைடன்பா, ரிச்சர்ட் ஹப்பர்ட், கிரெகரி மைனர் என்ற மூன்று பொறியாளர்கள் ஒரே நாளில் விலகி, நாடாளுமன்றத்தின் கூட்டுக் குழு முன் சாட்சியம் அளித்தார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் ஒழுங்குமுறை ஆணையத்திலிருந்தே ராபர்ட் போலார்டு என்ற பொறியாளர் விலகினார். நால்வரும் பேசுவதற்காக வேலையை விட்டவர்கள். வேலையில் இருந்துகொண்டே பேசலாம் என்ற நம்பிக்கையை அன்றைய சட்டம் அவர்களுக்குத் தரவில்லை.

1978: முப்பது நாள் கெடு

1978 நவம்பரில் சேர்க்கப்பட்ட 210ஆம் பிரிவு, 1969ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்கச் சட்டமும் பிறகு வந்த நீர், காற்று மாசுச் சட்டங்களும் போட்ட பாதையில் நடந்தது. பழிவாங்கப்பட்ட பணியாளர் 30 நாளுக்குள் தொழிலாளர் துறையிடம் முறையிட வேண்டும்; துறை 30 நாளில் விசாரித்து, 90 நாளில் உத்தரவிட வேண்டும். மீண்டும் வேலை, நிலுவைச் சம்பளம், இழப்பீடு ஆகியவை கிடைக்க வழி உண்டு. அவர் சுட்டிக்காட்டிய குறை என்ன ஆயிற்று என்று கேட்பது தொழிலாளர் துறையின் வேலை அல்ல.

இந்தப் பிளவின் விலை ஐந்தே மாதத்தில் தெரிந்தது. அந்தக் கதையின் தொடக்கம் சட்டத்துக்கும் முந்தியது: 1977 செப்டம்பர் 24 அன்று ஒஹாயோவின் டேவிஸ்-பெஸ் நிலையத்தில் அழுத்தம் தணிக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. அழுத்தம் சீராக்கும் கலனில் நீர்மட்டம் உயர்ந்து தெரிந்ததால் உலையில் நீர் போதுமானது என்று இயக்குபவர்கள் தவறாக எண்ணி, அவசரக் குளிர்விப்பைக் குறைத்தார்கள். உலை அப்போது 9 விழுக்காடு திறனில்தான் இயங்கிக்கொண்டிருந்தது, சேதம் இல்லை. உலையை வடிவமைத்த பேப்காக் அண்டு வில்காக்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் பெர்ட் டன் 1978 பிப்ரவரியில் ஒரு குறிப்பு எழுதினார்: இதே சம்பவம் முழுத் திறனில் நடந்திருந்தால் எரிபொருள் நீருக்கு வெளியே வந்து சேதமடைந்திருக்கக்கூடும், எல்லா நிலையங்களுக்கும் புதிய அறிவுறுத்தல் போக வேண்டும். குறிப்பு நிறுவனத்தின் ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்குப் போய் அங்கேயே தேங்கியது. ஆணையத்தின் ஆய்வாளர் ஜேம்ஸ் கிரெஸ்வெல்லும் இதே நிலையத்தைப் பற்றி மாதக் கணக்கில் மேலிடத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் ஆணையர்கள் இருவரை நேரில் சந்தித்தது 1979 மார்ச் 22 அன்று. ஆறு நாள் கழித்து, பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்டில் அதே வகை வால்வு திறந்தபடி நின்றது, இயக்குபவர்கள் அதே தவறான முடிவுக்கு வந்து அதே குளிர்விப்பைக் குறைத்தார்கள், எரிபொருள் உருகியது.

டன்னின் குறிப்பு அவருடைய வேலையைப் பறிக்கவில்லை. எனவே 210ஆம் பிரிவு அங்கே தலையிட இடமே இல்லை. அமெரிக்க அணுமின் துறையின் மிகப் பெரிய விபத்துக்கு முன்னால் எச்சரிக்கைகள் சொல்லப்பட்டிருந்தன. அவற்றைக் கேட்க யாருக்கும் சட்டக் கட்டாயம் இருக்கவில்லை.

சிவப்பு டேப் ஒட்டிய மேசை

வட கரோலினாவின் வில்மிங்டனில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் அணு எரிபொருள் ஆலை இருந்தது. அங்கே ஆய்வகத் தொழில்நுட்பராக இருந்த வெரா இங்லிஷ், சிந்திய யுரேனியக் கரைசலைச் சக பணியாளர்கள் துடைக்காமல் போகிறார்கள் என்று பல முறை புகார் செய்தார். பலன் இல்லை. 1984 மார்ச்சில், முந்தைய ஷிப்டில் இருந்தவர்கள் விட்டுச் சென்ற கறையைத் துடைக்காமல், அதைச் சுற்றிச் சிவப்பு டேப் ஒட்டிவிட்டார். சில நாள் கழித்து மேற்பார்வையாளரிடம் அந்த மேசையைக் காட்டினார். டேப் அப்படியே இருந்தது. கறையும் அப்படியே இருந்தது. வேலை நிறுத்தப்பட்டு இடம் சுத்தம் செய்யப்பட்டது. அதன்பின், தெரிந்தே கதிரியக்கக் கறையைத் துடைக்காமல் விட்டார் என்று நிறுவனம் குற்றம் சாட்டியது அவர் மீதுதான். அணுப் பொருளே இல்லாத பிரிவில் 90 நாளுக்குள் வேறு வேலை கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் வெளியே என்றார்கள். ஜூலை இறுதியில் வெளியே போனார்.

ஆகஸ்டில் அவர் தொழிலாளர் துறையிடம் முறையிட்டார். விசாரித்த நிர்வாக நீதிபதி அவர் பக்கம் நியாயம் இருப்பதாகத் தீர்ப்பளித்தார். தொழிலாளர் துறைச் செயலர் அதைத் தள்ளுபடி செய்தார்: 30 நாள் கெடு, வேலை போன நாளிலிருந்து தொடங்கவில்லை, மே மாதம் முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்தே தொடங்கிவிட்டது என்பது காரணம். வேறு பிரிவில் வேலை கிடைக்கும் என்று நம்பிக் காத்திருந்ததே அவருக்கு வினையாயிற்று. 1990 ஜூன் 4 அன்று உச்ச நீதிமன்றம், மாநிலச் சட்டத்தின் கீழ் மன உளைச்சலுக்கு இழப்பீடு கோர அவருக்கு உரிமை உண்டு என்று ஒருமனதாகச் சொன்னது. தீர்ப்பு முக்கியமானதுதான். ஆனாலும் ஒரு மேசையில் கிடந்த யுரேனியக் கறை ஆறு ஆண்டில் மன உளைச்சல் வழக்காக மாறியிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

யாரிடம் சொன்னால் அது புகார் ஆகும் என்ற கேள்வியும் இதே காலத்தில் எழுந்தது. டெக்சாஸின் கொமாஞ்சே பீக் கட்டுமானத்தில் ஒரு தரக் கட்டுப்பாட்டு ஆய்வாளர் தம் நிறுவனத்துக்கே அறிக்கை கொடுத்து வேலையை இழந்தார். அரசிடம் போகாததால் காப்பு இல்லை என்று 1984இல் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு ஒன்பதாவது வட்டாரமும் அடுத்த ஆண்டு பத்தாவது வட்டாரமும் நேர்மாறாகத் தீர்ப்பளித்தன. குறை எழுதுவதுதான் தரக் கட்டுப்பாட்டு ஆய்வாளரின் தொழில். ஆணையத்தின் விதிகளே அவருக்குச் சுதந்திரம் வேண்டும் என்கின்றன. நிறுவனத்திடம் முதலில் சொன்னவரை நாணயமற்றவர் போல நடத்திய ஐந்தாவது வட்டாரத்தின் வாசிப்பு, சட்டச் சொல்லுக்கு உண்மையாக இருந்தாலும் சட்டத்தின் நோக்கத்துக்குத் துரோகம் என்றே கருதுகிறேன்.

1992: ஒரு சிறு உட்பிரிவு

1992 அக்டோபரில் வந்த எரிசக்திக் கொள்கைச் சட்டம் இந்தக் குறைகளில் பலவற்றைத் தீர்த்தது. 30 நாள் 180 நாளாயிற்று. நிறுவனத்துக்குள் சொன்னாலும் காப்பு உண்டு. புகார் ஒரு பங்களிப்புக் காரணம் என்று பணியாளர் காட்டினால் போதும். புகார் இல்லாவிட்டாலும் இதே நடவடிக்கை எடுத்திருப்போம் என்று தெளிவான, நம்பவைக்கும் சான்றுகளால் மெய்ப்பிப்பது நிறுவனத்தின் பாடு. பணியிடங்களில் அறிவிப்பு ஒட்ட வேண்டும்.

அதிகம் பேசப்படாத ஒரு உட்பிரிவும் அப்போது நுழைந்தது. தொழிலாளர் வழக்கு நடக்கிறது என்பதைக் காரணம் காட்டி, கடுமையான பாதுகாப்பு அபாயம் பற்றிய புகார் மீது ஆணையம் நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. பழிவாங்கல் நடக்கவில்லை என்று தொழிலாளர் துறை முடிவு செய்தாலும், அபாயம் இருக்கிறதா என்று ஆராயும்போது அந்த முடிவை ஆணையம் கணக்கில் கொள்ளக் கூடாது. 1978இல் பிரிந்த இரு பாதைகள் சட்டத்தில் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் இது. தாமதிக்காதே என்கிறது, இத்தனை நாளுக்குள் செய்துமுடி என்று அது சொல்லவில்லை.

மில்ஸ்டோன்

அதே 1992இல், கனெக்டிகட்டின் மில்ஸ்டோன் நிலையத்தில் முதுநிலைப் பொறியாளர் ஜார்ஜ் காலட்டிஸ் ஒன்றைக் கவனித்தார். எரிபொருள் மாற்றும்போது உலையிலிருந்து மூன்றில் ஒரு பங்கை மட்டும், பயன்படுத்திய எரிபொருளை வைக்கும் குளத்தில் இறக்குவதுதான் முதல் அலகின் பாதுகாப்புக் கணக்குகளில் இருந்த வழக்கம். அங்கேயோ ஆண்டுக் கணக்காக முழு எரிபொருளையும் இறக்கிக்கொண்டிருந்தார்கள். உலையை நிறுத்தி 250 மணி நேரம் ஆறவிட வேண்டியதை, 65 மணி நேரத்திலேயே தொடங்கிய சமயங்களும் உண்டு. நிறுத்தக் காலம் குறையக் குறைய நிறுவனத்துக்குப் பணம் மிச்சம். குளத்தின் குளிர்விப்பு அந்த வெப்பத்தைத் தாங்குமா என்பதற்குக் கணக்கு இருக்கவில்லை.

நிறுவனத்துக்குள் நெடுங்காலம் போராடிவிட்டு அவர் ஆணையத்திடம் போனார். அங்கேதான் பெரிய அதிர்ச்சி: முழு எரிபொருளும் இறக்கப்படுவது ஆணையத்தின் ஊழியர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. 1996 மார்ச்சில் டைம் இதழ் இதை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. மூன்று அலகுகளும் நின்றன. முதல் அலகு மறுபடி இயங்கவே இல்லை. ஷெர்லி ஆன் ஜாக்சன் தலைமையிலான ஆணையம் 1996 அக்டோபரில் இட்ட உத்தரவு இத்துறையில் அதுவரை காணாதது. பணியாளர் புகார்களை நிறுவனம் எப்படிக் கையாள்கிறது என்பதைச் சுயேச்சையான மூன்றாம் தரப்பு ஒன்று உள்ளேயே இருந்து கண்காணிக்க வேண்டும். அஞ்சாமல் பேச முடிகிறது என்று பணியாளர்கள் சொல்வதும், பம்பும் குழாயும் சரியாக இருப்பதைப் போலவே, மறுதொடக்கத்துக்கு முன் ஆராயப்பட வேண்டிய ஒன்றாயிற்று.

என் பார்வையில் இவ்வரலாற்றின் உச்சம் இதுதான். ஆனால் அது ஒரு நிலையத்துக்கான உத்தரவாகவே நின்றது. 1996 மே மாதம் ஆணையம் வெளியிட்ட பணியாளர் சுதந்திர அறிக்கை, கொள்கை அறிக்கை மட்டுமே. அதை விதியாக்கும் யோசனை பின்னர் எழுந்தும் ஆணையம் ஏற்கவில்லை. காலட்டிஸ் 1996இல் நிறுவனத்தை விட்டு விலகினார்.

செய்தியும் சொன்னவரும் ஒருசேரக் கைவிடப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானே சாட்சி. ஃபுகுஷிமா டாயிச்சியின் முதல் உலையில் 1989இல் சோதனை செய்த ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வாளர் கெய் சுகவோகா, நீராவி உலர்த்தியில் விரிசல்கள் இருந்ததையும் பதிவுகள் திருத்தப்பட்டதையும் 2000இல் ஜப்பானிய அமைச்சகத்துக்கு எழுதினார். அமைச்சகம் அவர் யார் என்பதை, நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனத்துக்கே தெரிவித்துவிட்டது. உண்மை 2002 ஆகஸ்டில்தான் வெளியாயிற்று. 2003 வசந்தத்தில் டெப்கோவின் 17 உலைகளும் சோதனைக்காக நின்றிருந்தன. முறைகேட்டைத் தெரிவிப்போருக்கான சட்டத்தை ஜப்பான் 2004இல் இயற்றியது. அணுமின் வளர்ச்சியை ஊக்குவித்த அமைச்சகத்தின் கீழிருந்து கண்காணிப்பு அமைப்பை அது வெளியே எடுத்தது, ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு, 2012 செப்டம்பரில்.

2005க்குப் பின்

2005இல் நாடாளுமன்றம் மறுபடி 211ஆம் பிரிவைத் திருத்தியது. தொழிலாளர் துறை ஓராண்டுக்குள் முடிவு சொல்லாவிட்டால் பணியாளர் நேரே கூட்டாட்சி நீதிமன்றம் போகலாம். ஒழுங்குமுறை ஆணையத்தின் சொந்த ஊழியர்களும் பாதுகாக்கப்படுவோர் பட்டியலில் சேர்ந்தார்கள். போலார்டு விலகி 29 ஆண்டுகள் ஆகியிருந்தன.

2012 செப்டம்பரில் ஆணையத்தின் பொறியாளர் ஒருவர் தலைமை ஆய்வாளர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். ஆற்றின் மேல்பகுதியில் உள்ள அணை உடைந்தால் கீழே உள்ள அணுமின் நிலையங்களுக்கு என்ன நேரும் என்று ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். அந்த அறிக்கை பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டபோது பல பகுதிகள் கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருந்தன. தேசப் பாதுகாப்பு என்ற பெயரில் மறைக்கப்பட்டவை உண்மையில் நிலையப் பாதுகாப்பு பற்றிய தகவல்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. தென் கரோலினாவின் ஓக்கோனி நிலையமும் அதற்கு மேலே உள்ள ஜொகாஸி அணையும் அந்த ஆய்வில் இடம்பெற்றிருந்தன. 211ஆம் பிரிவு இப்போது அவரைப் போன்ற ஆணைய ஊழியரையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்கிறது. மறைக்கப்பட்ட பக்கங்களை யார், எத்தனை நாளுக்குள் திறந்து பார்த்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதற்கு அந்தப் பிரிவில் இன்னும் வாசகம் எழுதப்படவில்லை.