உயில் வாங்கித் தந்த நேரம்: இதய ஆய்வும் நினைவு நல்கைகளும்

மருத்துவ ஆய்வுக்கென எழுதிவைக்கப்படும் சொத்தின் பயனைக் கட்டடங்களையும் கருவிகளையும் கொண்டே பெரும்பாலும் அளக்கிறோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் நடந்த இதய ஆய்வைக் கூர்ந்து நோக்கினால், அச்சொத்து மருத்துவருக்குத் தந்த முதன்மையான பொருள் நேரமே என்பது புலப்படும். அந்த நேரத்துக்குக் கெடு இருந்ததே அதன் குறையும் ஆகும்.

தென்னாப்பிரிக்க வைர, தங்கச் சுரங்கத் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய ஆல்ஃபிரட் பைட் 1906இல் இறந்தார். லண்டன் பல்கலைக்கழகம் தொடங்கவிருந்த மருத்துவ அறிவியல் நிறுவனத்துக்கு அவர் தம் உயிலில் ஒரு தொகை ஒதுக்கியிருந்தார். அத்திட்டம் கைவிடப்பட்டது. தம்பி ஓட்டோ பைட் தம் பணத்தையும் சேர்த்து 1909இல் பைட் நினைவு ஆய்வு நல்கைகளை நிறுவினார். கட்டடத்துக்கு நினைத்த பணம் இவ்வாறு ஆய்வாளர்களுக்குச் சென்றது.

இந்த மாற்றத்தின் அருமை அன்றைய சூழலில்தான் விளங்கும். லண்டனின் தரும மருத்துவமனைகளில் மூத்த மருத்துவர்கள் ஊதியமின்றிக் கௌரவப் பணி செய்தனர். பிழைப்பு தனி நோயாளிகளின் கட்டணத்தில் நடந்தது. ஆய்வில் கழியும் பொழுதெல்லாம் வருமான இழப்பு. இந்நிலையில்தான் கார்டிஃபில் பிறந்த மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1910இல் பைட் நல்கை பெற்றார். இதயத் துடிப்பு இதயத்திலுள்ள சைனஸ் கணு என்னும் திசுவில் தொடங்குவதை அவ்வாண்டிலேயே சோதனை வழி நிறுவினார். 1911இல் இதயத் துடிப்பின் இயக்கம் பற்றிய அவரது நூல் வெளிவந்து, இதயத்தின் மின்னியக்கத்தைக் காட்டும் ஈசிஜி பதிவுகளைப் படிக்க மருத்துவர்களைப் பழக்கியது.

நல்கை இல்லாவிடினும் லூயிஸ் இவற்றைச் செய்திருப்பார் எனலாம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் சீரற்ற இதயத் துடிப்பு மனிதரிடம் பரவலாகக் காணப்படும் நோய்நிலை என்பதை அவர் 1909இலேயே, அதாவது நல்கைக்கு முன்பே, காட்டிவிட்டார். இந்த மறுப்பு பாதி சரி. நல்கை திறமையை உண்டாக்கவில்லை. வெளிப்பட்ட திறமை வைத்தியத் தொழிலுக்குள் முழுகிவிடாமல் காத்தது. பாஸ்டனைச் சேர்ந்த மருத்துவர் பால் டட்லி ஒயிட்டின் வரலாறும் இதையொட்டியதே. கணவர் நினைவாக ஒரு பெண்மணி ஹார்வர்டுக்கு எழுதிவைத்த சொத்திலிருந்து வழங்கப்பட்ட ஷெல்டன் பயண நல்கையில், அவர் 1913இல் லூயிஸிடம் வந்து பயின்றார். ஊர் திரும்பி மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஈசிஜி பணியைத் தொடங்கினார். 1924இல் அமெரிக்க இதயச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரானார்.

ஆயினும் கெடு முடிந்த பின் ஆய்வாளர் எங்கே போவார்? லூயிஸுக்கு விடை 1916இல் கிடைத்தது. அரசு நிதியில் இயங்கிய மருத்துவ ஆய்வுக் குழு, நோயாளிகளை நேரடியாகக் கொண்டு ஆராயும் முழுநேரப் பணியில் அவரை அமர்த்தியது. அவ்வகைப் பணியில் அங்கே அவரே முதலாமவர். இத்தகைய நிலையான பணியிடங்கள் பெருக வேண்டும் என்று அவர் பின்னர் தொடர்ந்து வாதாடினார். நல்கையால் உயர்ந்தவரே அது மட்டும் போதாது என்றது இங்கு வலுவான சான்று.

1961இல் தோன்றிய பிரிட்டிஷ் இதய அறக்கட்டளை இன்றும் உயில் கொடைகளைப் பெரிதும் நம்பி, மருத்துவர்களுக்கு ஆய்வு நல்கை வழங்கிவருகிறது. அத்தகைய நிதியை மதிப்பிட, எத்தனை பேருக்குக் கொடுத்தது என்ற கணக்கு போதாது. நல்கைக் காலம் முடிந்தபின் எத்தனை பேர் ஆய்வில் நிலைத்தனர் என்பதையே கேட்க வேண்டும். உயில் தொடக்கத்தைத் தரும். தொடர்ச்சியைத் தருவது அரசின், பல்கலைக்கழகத்தின் கடமை.