தேக்குக்காக வந்த துறை

1806ஆம் ஆண்டு கேப்டன் வாட்சன் என்ற போலீஸ் அதிகாரிக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு புதிய பதவியைக் கொடுத்தது: மலபார், திருவிதாங்கூர்க் காடுகளின் கன்சர்வேட்டர். இந்தியாவில் அந்தப் பெயரில் பதவியேற்ற முதல் ஆள் அவர்தான். அவரிடம் எதிர்பார்க்கப்பட்ட வேலை ஒன்றே ஒன்று. நெப்போலியனோடு போர் நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தில் கப்பலுக்கான ஓக் மரம் அருகிப்போயிருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் தேக்கு இருந்தது. பம்பாய்க் கப்பல் துறையில் வாடியா குடும்பத்துப் பார்சிகள் அந்தத் தேக்கைக் கொண்டு பிரிட்டிஷ் கடற்படைக்குப் போர்க்கப்பல்கள் கட்டினார்கள். 1817இல் அவர்கள் கட்டி முடித்த ட்ரிங்கோமலீ இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் இன்றும் மிதக்கிறது. இருநூறு ஆண்டு தாண்டியும் உளுத்துப்போகாத அந்த மரத்துக்காகத்தான் தென்னிந்தியக் காடுகளின் மீது அரசின் கை முதலில் விழுந்தது.

வாட்சன் தேக்கை அரசின் ஏகபோகமாக்கினார். சொந்த நிலத்தில் நின்ற மரத்தைக்கூட மலபார் நிலவுடைமையாளர்களான ஜன்மிகள் தொட முடியவில்லை. வியாபாரிகளுக்குப் பிழைப்பு போயிற்று. முறையீடுகள் குவிந்தன. 1823இல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ அந்தப் பதவியையே ஒழித்துவிட்டார். குடிகளிடமிருந்து காட்டைப் பிடுங்கி அரசு வைத்துக்கொள்வது நல்ல ஆட்சிக்கு அழகல்ல என்ற கருத்து அன்றைய சென்னை நிர்வாகத்தில் வலுவாக இருந்ததை இங்கே மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். அறுபது ஆண்டு கழித்து அந்தக் கருத்து தோற்றது. தமிழ்நாட்டு வனத்துறையின் வரலாற்றில் மிகப் பெரிய திருப்பம் அந்தத் தோல்விதான்.

பதவி ஒழிந்ததும் மரம் வெட்டுவோருக்குத் தடையேதும் இருக்கவில்லை. 1840களில் மலபார் கலெக்டர் கனோலி, சாத்து மேனன் என்ற உள்ளூர் அதிகாரியின் துணையோடு நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டார். அதே பத்தாண்டின் இறுதியில் ஜேம்ஸ் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரி பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆனைமலைக்கு வந்து சேர்ந்தார். பம்பாய்த் துறைக்குத் தேக்கு அனுப்புவதே அவருடைய வேலையும். அதன் பிறகு அந்த மலையில் அரசு மரவேலை நிரந்தரமாயிற்று. யானைகள் மரத்தை இழுத்து வந்து மலை விளிம்பில் போடும். அங்கிருந்து சரிவில் உருட்டிவிட்டால் அது கீழே சேத்துமடைப் பக்கம் வந்து விழும். உருட்டிவிட்ட அந்த விளிம்புதான் இன்று சுற்றுலாப் பயணிகள் போய் இறங்கும் டாப்சிலிப்.

சென்னைக் காட்டு நிர்வாகத்துக்கு உருவம் கொடுத்தவர் ஹியூ கிளெகார்ன். 1820இல் சென்னையில் பிறந்து, ஸ்காட்லாந்தில் மருத்துவம் படித்து, கம்பெனியின் சர்ஜனாகத் திரும்பியவர். செடிகொடிகள் மீது தீராத ஆர்வம் கொண்டவர். வெப்ப மண்டலக் காடுகளின் அழிவு பற்றி 1851இல் பிரிட்டிஷ் அறிவியல் கழகத்துக்கு அறிக்கை தந்த குழுவில் முன்னின்றார். 1856இல் சென்னை மாகாணத்தின் முதல் வனக் கன்சர்வேட்டரானார். அதே ஆண்டு ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடத் தொடங்கியது தற்செயல்தான் என்றாலும் பொருத்தமானது. ரயில்பாதைக்குக் கட்டைகள் வேண்டும்; எஞ்சினுக்கு விறகு வேண்டும். கப்பல் கேட்டதைவிட ரயில் பலமடங்கு கேட்டது.

கிளெகார்ன் உண்மையாகவே காட்டின் மேல் அக்கறை கொண்டவர். காடு போனால் மழையும் ஓடையும் பாதிக்கப்படும் என்று எழுதியவர்களில் அவர் முக்கியமானவர். ஆனால் அந்த அக்கறையின் சுமை யார் தலையில் இறங்கியது? காட்டில் ஒரு துண்டை எரித்து ராகி விதைத்து, பிறகு அதைப் பல ஆண்டு தரிசாக விட்டு நகரும் மலைவாசிகளின் குமரிச் சாகுபடிதான் முதலில் தடைக்கு உள்ளானது. ஒப்பந்தக்காரரின் கோடரிக்கும் எஞ்சினின் கொதிகலனுக்கும் அப்படியொரு தடை வரவில்லை.

1878இல் இந்திய வனச்சட்டம் வந்தபோது சென்னை அதில் சேர மறுத்தது. இந்த மாகாணத்தில் கிராம எல்லைக்குள் வராத காடு என்று ஒன்று அபூர்வம். விறகும் தழையும் மேய்ச்சலும் குடிகளின் பழைய உரிமை. அதை அரசுச் சொத்து என்று அறிவிக்க ஆதாரமில்லை என்று வருவாய் வாரியம் வாதாடியது. மன்றோவின் வாரிசுகள் பேசிய பேச்சு அது. இந்தியாவின் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆஃப் ஃபாரஸ்ட்ஸ் டீட்ரிச் பிராண்டிஸ் 1881இல் சென்னைக்கு வந்து சட்டத்தை உருவாக்க உதவினார். ஜெர்மானியரான அவரேகூடக் கிராமங்களுக்கென்று தனிக் காடுகள் விடப்பட வேண்டும் என்று சொல்லிவந்தவர். இறுதியில் நிறைவேறிய 1882ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணம் முழுவதும் ரிசர்வ் காடுகளை உருவாக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது.

அது செயல்பட்ட விதம் இது. நான்காம் பிரிவின்கீழ் அரசு ஒரு நிலத்தை ரிசர்வ் ஆக்கப்போவதாக அறிவிக்கும். செட்டில்மென்ட் அதிகாரி ஒருவர் வந்து, உரிமை கோருவோர் குறித்த கெடுவுக்குள் எழுதித் தரலாம் என்பார். விசாரித்து முடிந்ததும் பதினாறாம் பிரிவின்கீழ் இறுதி அறிவிப்பு வரும். அத்தோடு பதிவாகாத உரிமைகள் அற்றுப்போகும். எழுதப் படிக்கத் தெரியாத, ஆனைமலையின் காடர் பழங்குடிக் குடும்பம் ஒன்று கிழங்கும் தேனும் எடுத்துத் திரிந்த மலைக்கு எந்தக் காகிதத்தை நீட்டியிருக்க முடியும்? காகிதத்தில் இல்லாதவர்கள் சட்டத்தின் பார்வையில் காட்டிலும் இல்லாதவர்கள் ஆனார்கள். இந்தச் சட்டம் ‘தமிழ்நாடு வனச்சட்டம், 1882’ என்ற பெயரில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

மேய்ச்சலுக்குச் சீட்டு, விறகுக்குக் கட்டணம், மீறினால் மாடு பவுண்டில் அடைபடும் என்ற நிலை ஊர்தோறும் கசப்பை வளர்த்தது. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூர் மாவட்டத்தின் பல்நாடு பகுதியில், 1921இல் மேய்ச்சல் கட்டணத்துக்கு எதிராகக் கிளம்பிய வனச் சத்தியாகிரகம் அடுத்த ஆண்டு அதன் தலைவர் கன்னெகண்டி ஹனுமந்துவைப் போலீசார் சுட்டுக் கொன்றதில் முடிந்தது.

ஆனைமலையிலோ 1890களில் வேறொரு காட்சி. ரிசர்வ் எல்லைக்குள் ஆட்டைத் தடுத்த அதே அரசு, மலையின் நடுமேட்டைத் தோட்ட முதலாளிகளுக்குத் திறந்துவிட்டது. கார்வர் மார்ஷ் போன்றவர்கள் வந்து மழைக்காட்டை வெட்டிக் காப்பியும் பிறகு தேயிலையும் போட்டார்கள். சுமார் 220 சதுர கிலோமீட்டர் வால்பாறை மேட்டுநிலம் இன்று தேயிலைக் கடலுக்குள் மழைக்காட்டுத் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடந்து மரம் மாறுவதும், யானைகள் தொழிலாளர் லைன் வீடுகளுக்குள் வருவதும் அந்த முடிவின் தொடர்ச்சியே.

இந்தச் சூழலில்தான் 1910களில் ஹியூகோ வுட் தெற்குக் கோயம்புத்தூர் வன அதிகாரியாக வந்தார். அறுபது ஆண்டு ஓயாமல் வெட்டியதில் டாப்சிலிப் பகுதி மொட்டையாகியிருந்தது. கண்ட இடத்தில் வெட்டுவதை நிறுத்தி, காட்டைப் பகுதிகளாகப் பிரித்து முறை வகுத்தார். அடிக்கட்டையை விட்டு வெட்டச் செய்து அதிலிருந்து மறுபடி தழைக்க விட்டார்; புதிதாகவும் தேக்கு நட்டார். சட்டைப்பையில் விதையை நிரப்பிக்கொண்டு, கைத்தடியால் மண்ணைக் குத்திக் குத்தி விதை போட்டுக்கொண்டே நடப்பாராம். டாப்சிலிப்பில் இந்தக் கதையைச் சொல்லாதவர் இல்லை. 1933இல் இறந்த அவரை விருப்பப்படியே அங்கே தேக்குகளுக்கு நடுவில் புதைத்தார்கள். மரங்களை வளர்த்ததற்காக ஓர் அதிகாரியை ஊர் நூறு ஆண்டு நினைவில் வைத்திருப்பது சாதாரணமானதல்ல. அந்த மதிப்புக்கு அவர் முழுத் தகுதி உடையவர். என்றாலும் அவர் மீட்டது பெரும்பாலும் தேக்கு. ஒற்றை மரம் வரிசையாக நிற்கும் தோட்டத்தில் மழைக்காட்டின் பல்லுயிர் வாழாது. அவர் காலத்துத் துறையின் கணக்கில் காடு என்றால் கன அடிக் கணக்கில் அளக்கப்படும் மரம்.

அந்தக் கணக்கு மாற இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் ஆனைமலை சரணாலயமாயிற்று. 2007இல் புலிகள் காப்பகமாயிற்று. மரம் இழுத்த யானைகளுக்கு வேலை மாறியது. கோழிகமுத்தி முகாமின் கும்கிகள் இப்போது ஊருக்குள் நுழையும் காட்டு யானைகளைத் திருப்புகின்றன. அவற்றில் பெயர்போன கலீம் என்ற கும்கிக்கு 2023இல் வனத்துறையினர் அணிவகுத்து நின்று சல்யூட் அடித்து ஓய்வு கொடுத்தார்கள். யானையை நடத்தும் மாவுத்தர்களும் அவர்களுக்கு உதவும் காவடிகளும் பெரும்பாலும் மலசர் பழங்குடியினர். கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும், இரவில் வேட்டைக்காரர் தடம் பார்ப்பதும், தானியங்கிக் கேமரா கட்டுவதும் அந்தச் சமூகத்தாரும் காடர்களும் சேர்ந்து சுமக்கும் வேலை. 1882இல் உரிமை பதிவாகாமல் போனவர்களின் வழித்தோன்றல்களே அந்தச் சட்டம் காக்கும் காட்டின் காவலர்கள்.

பாதுகாப்பு என்ற பெயரில் கிடைத்த அதிகாரம் எவ்வளவு கொடியதாகலாம் என்பதைத் தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி காட்டியது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கடத்தலைத் தேடி வனம், காவல், வருவாய்த் துறைகளைச் சேர்ந்தவர்கள் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்து வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் விசாரணைக் காலத்திலேயே 54 பேர் இறந்துவிட, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தீர்ப்பு வந்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. துறையின் வரலாற்றை எழுதும் எவரும் ஹியூகோ வுட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் வாச்சாத்திக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியாக வேண்டும்.

பழைய செட்டில்மென்ட்டில் விடுபட்ட உரிமைகளை ஏற்கும் வன உரிமைச் சட்டத்தை நாடாளுமன்றம் 2006இல் நிறைவேற்றியது. வழக்குகளால் தமிழ்நாட்டில் அது பல ஆண்டு முடங்கிக் கிடந்து, 2016இல் உச்ச நீதிமன்றத்தில்தான் வழி பிறந்தது. 2019 ஆகஸ்ட் மழையில் வால்பாறை அருகே கல்லாறு குடியிருப்பில் மண் சரிந்தபோது அங்கிருந்த காடர் குடும்பங்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு மாற்றப்பட்டன. அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. தங்கள் பழைய காட்டுக்குள்ளேயே உள்ள தெப்பக்குளமேட்டைக் கேட்டார்கள். புலிகள் காப்பகத்துக்குள் புதிய குடியிருப்பா என்று துறை தயங்கியது. அவர்கள் விடவில்லை, மனு, போராட்டம் என்று இரண்டு ஆண்டு தொடர்ந்தார்கள். 2021இல் வன உரிமைச் சட்டத்தின்கீழ் தெப்பக்குளமேட்டில் அவர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது.