பின்வருவோரின் பங்கு: ஸவாத் நிலமும் உமர் (ரலி) அவர்களின் குர்ஆன் விளக்கமும்

ஒரே நபியையும் ஒரே கிப்லாவையும் கொண்ட இச்சமுதாயம் எவ்வாறு பிளவுபடக்கூடும் என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஒருமுறை கவலையுற்றார்கள். அதற்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அளித்த விடையின் சாரம் இது: குர்ஆன் எங்களிடையே அருளப்பட்டது, எதைக் குறித்து அருளப்பட்டது என்பதையும் நாங்கள் அறிவோம். பின்னால் வருவோர் அதை ஓதுவார்கள். ஆனால் அதன் பின்னணியை அறிந்திருக்க மாட்டார்கள். ஆளுக்கொரு கருத்துக் கூறுவார்கள். அது பூசலாக முற்றும். முதலில் இவ்விடையை ஏற்காத உமர் (ரலி) அவர்கள், பின்னர் சிந்தித்துப் பார்த்து அதன் உண்மையை ஒப்புக்கொண்டார்கள். ஹிஜ்ரி 790இல் மறைந்த இமாம் ஷாத்திபி (ரஹ்) அவர்கள், வசனங்கள் அருளப்பட்ட சூழலை அறிவதன் இன்றியமையாமைக்கு இச்செய்தியைச் சான்றாகக் காட்டுகிறார்கள்.

திருமறையை அணுகுவதில் இருவகைத் தவறுகள் நேர்வதை நாம் காண்கிறோம். வசனத்தை அதன் சூழலிலிருந்து பிரித்தெடுத்து, விரும்பிய இடத்தில் பொருத்துவது ஒன்று. அச்சூழலுக்குள்ளேயே வசனத்தைப் பூட்டி வைத்து, அது அன்றைய அரபு மண்ணுக்கு மட்டும் உரியது என்று ஒதுக்குவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நேர்வழி உண்டு. அதைப் பிற்காலத்து நூல்களில் தேடுமுன், உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நடந்த ஒரு விவாதத்தில் தேடுவது பயனுடையதாகும்.

கி.பி. 636 அளவில் காதிஸிய்யாப் போர் நிகழ்ந்தது. அதைத் தொடர்ந்து இராக்கின் வளமிக்க ஆற்றுச் சமவெளி முஸ்லிம்களின் ஆட்சிக்கு உட்பட்டது. பேரீச்சந் தோப்புகளும் வயல்களும் அடர்ந்து, தொலைவிலிருந்து கருமையாகத் தோன்றியமையால் அரபிகள் அதனை ‘ஸவாத்’ என்று அழைத்தனர். அந்நிலத்தைத் தங்களுக்குப் பங்கிட்டுத் தருமாறு படைவீரர்கள் கோரினர்.

அக்கோரிக்கைக்கு ஆதாரம் இல்லாமலில்லை. போரில் கிடைத்த பொருளில் ஐந்தில் ஒரு பங்கு இறைவனுக்கும், அவனுடைய தூதருக்கும், உறவினருக்கும், அநாதைகளுக்கும், ஏழைகளுக்கும், வழிப்போக்கருக்கும் உரியது என்கிறது அல்-அன்ஃபால் அத்தியாயத்தின் 41ஆம் வசனம். எஞ்சிய நான்கு பங்கும் வீரர்களுக்கே என்பது அதன் வழிவந்த நடைமுறை. கைபர் நிலங்களை நபி (ஸல்) அவர்கள் பங்கிட்டதும் அவர்கள் கண்ட உண்மை. பிலால் (ரலி) அவர்கள் இக்கருத்தில் மிக உறுதியாக நின்றார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் பங்கிடுவதையே ஆதரித்தார்கள். உஸ்மான், அலி, தல்ஹா (ரலி - அன்ஹும்) ஆகியோர் கலீஃபாவின் பக்கம் இருந்தனர்.

உமர் (ரலி) அவர்களின் கேள்வி எளிமையானது. நிலம் முழுவதும் இன்றிருப்போருக்குப் பங்கிடப்பட்டு, தந்தையிடமிருந்து மகனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், நாளை வருவோருக்கு என்ன மிஞ்சும்? எல்லைகளைக் காக்கும் படையினருக்கு எதிலிருந்து ஊதியம் அளிப்பது? விதவைகளையும் அநாதைகளையும் எதைக் கொண்டு காப்பது?

இது தம் சொந்த விருப்பமாக இருந்துவிடக் கூடாது என்பதில் அவர்கள் கவனமாக இருந்தார்கள். அவ்ஸ் குலத்தில் ஐவரும் கஸ்ரஜ் குலத்தில் ஐவருமாக அன்ஸாரிகளில் பதின்மரை அழைத்து, தாமும் அவர்களில் ஒருவரே என்றும், தம் மனப்போக்கை அவர்கள் பின்பற்ற வேண்டியதில்லை என்றும் கூறினார்கள். பின்னர் அல்-ஹஷ்ர் அத்தியாயத்தின் வசனங்களைச் சான்றாக முன்வைத்தார்கள்.

அவ்வசனங்கள் ஹிஜ்ரி 4இல் பனூ நளீர் குலத்தார் மதீனாவை விட்டு வெளியேறிய நிகழ்ச்சியை ஒட்டி அருளப்பட்டவை. போரிடாமல் கிடைத்த அச்சொத்து யாருக்கு உரியது என்பதை 7ஆம் வசனம் கூறுகிறது; செல்வம் செல்வர்களிடையே மட்டும் சுற்றிவரக் கூடாது என்ற காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது. 8ஆம் வசனம் ஏழை முஹாஜிர்களையும், 9ஆம் வசனம் அன்ஸாரிகளையும் குறிப்பிடுகின்றன. 10ஆம் வசனமோ அவர்களுக்குப் பின் வருவோரைக் குறிப்பிடுகிறது. இன்னும் பிறவாதோரின் பங்கை உமர் (ரலி) அவர்கள் கண்டறிந்தது இவ்விடத்தில்தான். காழி அபூ யூஸுஃப் (ரஹ்) அவர்களின் ‘கிதாபுல் கராஜ்’ இவ்விவாதத்தை விரிவாகப் பதிவு செய்துள்ளது.

அவர்கள் அல்-அன்ஃபால் வசனத்தைக் கைவிட்டார்களா? இல்லை. அது பத்ருப் போரின் பின்னணியில் அருளப்பட்டது. பத்ரில் கைப்பற்றப்பட்டது நிலமன்று. எனவே இராக்கில் கிடைத்த அசையும் பொருள்களைப் பங்கிடுமாறும், நிலத்தையும் ஆறுகளையும் உழுவோரிடமே விட்டுவிடுமாறும் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களுக்கு ஆணை பிறந்தது. கைபரிலும் நபி (ஸல்) அவர்கள் ஒரு பாதியைப் பங்கிட்டு, மறு பாதியைப் பொதுத் தேவைகளுக்கென ஒதுக்கியிருந்தார்கள். ஒரு வசனத்தை மற்றொரு வசனத்தின் ஒளியிலும், இரண்டையும் அவை அருளப்பட்ட சூழலிலும் வைத்துப் பார்த்ததன் விளைவே இத்தீர்ப்பு.

உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்கள் ஸவாத் நிலத்தை அளந்தபோது அது 3 கோடியே 60 இலட்சம் ஜரீபு இருந்ததாகக் கூறப்படுகிறது. விளைச்சலுக்கேற்ப வரி விதிக்கப்பட்டது. கி.பி. 644இல் தாம் தாக்கப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்பும், நிலம் தாங்கக்கூடியதைவிட அதிகமாகச் சுமத்திவிட்டீர்களோ என்று உஸ்மான் இப்னு ஹுனைஃப், ஹுதைஃபா (ரலி - அன்ஹுமா) ஆகியோரிடம் கலீஃபா வினவியதை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்கிறது. பின்வருவோரின் உரிமையைப் பேசியவர், அன்று அந்நிலத்தில் உழுதவரின் முதுகையும் மறக்கவில்லை.

பிற்கால இமாம்கள் இத்தீர்ப்பை ஒரே விதமாகக் கொள்ளவில்லை. போரில் வென்ற நிலத்தைப் பங்கிடுவதா, நிறுத்தி வைப்பதா என்பது தலைவரின் முடிவுக்கு உரியது என்றார் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்). அது சமுதாயத்துக்கு வக்ஃபாக நிற்கும் என்றார் இமாம் மாலிக் (ரஹ்). வீரர்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்தாலன்றிப் பங்கிடவே வேண்டும் என்றார் இமாம் ஷாஃபிஈ (ரஹ்). கருத்து வேறுபட்டும் இவர்கள் எவரும் மற்றவரை வேதத்தைப் புறக்கணித்தவராகக் கருதவில்லை.

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது யாது? வசனம் அருளப்பட்ட சூழலை அறிவது, அதன் ஆணையிலிருந்து தப்பிக்கும் வழியன்று; ஆணையின் நோக்கத்தை அடையும் வழி. பனூ நளீரின் தோப்புகளைக் குறித்து இறங்கிய சொல், அதன் நோக்கம் உணரப்பட்டதால் இராக்கின் சமவெளிக்கும் வழிகாட்டியது. ‘கருதத்தக்கது சொல்லின் பொதுமையே, காரணத்தின் தனித்தன்மை அன்று’ எனும் உஸூல் விதியின் உயிர் இதுவே.

இன்று நிலத்தடி நீரை அடி காணும்வரை உறிஞ்சுகிறோம். ஆற்று மணலை அள்ளி விற்கிறோம். நாம் பட்ட கடனைப் பேரர்கள் தலையில் ஏற்றுகிறோம். முன்னோர் பின்வருவோருக்கென விட்டுச்சென்ற வக்ஃபு நிலங்கள் சொற்ப வாடகைக்குச் சிலர் கையில் முடங்கிக் கிடக்கும் இடங்களும் உண்டு. இவற்றைக் குறித்துக் குர்ஆனில் நேரடி வசனம் எது என்று கேட்போர் உளர். மதீனாவில் கூடிய அந்தப் பதின்மரின் முன்னிலையில் அக்கேள்விக்கு விடை கூறப்பட்டுவிட்டது. அந்த அவையில் இடம்பெற முடியாதவர்களாக, இன்னும் பிறவாதவர்களாக இருந்தவர்களில் நாமும் அடங்குவோம். நமக்காக அன்று ஒருவர் வாதாடினார். நமக்குப் பின் வருவோருக்காக இன்று வாதாடும் பொறுப்பு நம்முடையது.