கண்காணிப்பும் ஆய்வும்: கத்தோலிக்க விவிலிய உயர்கல்விப் பட்டத்தின் வரலாறு (1890–1971)

விவிலியத்தை நவீன முறையில் ஆராயக் கத்தோலிக்கத் திருச்சபை 1943இல் வாசலைத் திறந்தது என்பர். அதற்கான ஆட்களும் பயிற்சியும் அதற்கு முந்தைய அரை நூற்றாண்டிலேயே உருவாகிவிட்டன. அறிஞர்களைக் கண்காணிக்க ஏற்படுத்திய பட்டமே ஆய்வுக்கும் வழிவிட்டது என்பது இக்கட்டுரையின் வாதம்.

எருசலேமில் தொடக்கம்

1890 நவம்பரில் பிரெஞ்சு தொமினிக்கன் துறவி மரி-ஜோசப் லக்ராஞ்ச் எருசலேமில் விவிலியப் பள்ளியைத் தொடங்கினார். வகுப்பு நடந்த இடம் பழைய ஆடுமாடு வெட்டும் கூடம். விலங்குகளைக் கட்டிய இரும்பு வளையங்கள் சுவரில் இருந்தன. மொழிகளோடு நிலவியலும் தொல்லியலும் பாடமாயின. ஆசிரியரும் மாணவரும் விவிலியம் குறிப்பிடும் இடங்களுக்கே சென்று ஆராய்ந்தனர். 1892இல் ‘ரெவ்யூ பிப்ளிக்’ என்ற ஆய்விதழும் வெளிவந்தது.

1893இல் திருத்தந்தை 13ஆம் லியோ விவிலியப் படிப்பு குறித்துச் சுற்றுமடல் விடுத்தார். கீழைமொழிகளையும் மூலபாட ஆய்வையும் கற்கும்படி அது வலியுறுத்தியது. ஆனால் அதன் நோக்கம் தற்காப்பு: விவிலியத்தை மறுப்போருக்கு அவர்களின் கருவிகளைக் கொண்டே பதில் சொல்ல வேண்டும். பிந்தைய இழுபறிக்கு வித்து இங்கே விழுந்தது.

தேர்வாளரே நீதிபதி

1902இல் உரோமையில் கர்தினால்களைக் கொண்ட விவிலிய ஆணையம் அமைந்தது. 1904இல் 10ஆம் பயஸ் அதற்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் தந்தார். இறையியலில் டாக்டர் பட்டம் பெற்ற குருக்களே விண்ணப்பிக்க முடியும். இதே ஆணையம் 1906இல், விவிலியத்தின் முதல் ஐந்நூல்கள் மோசே இயற்றியவை அல்ல என்போரின் சான்றுகள் போதா என்று தீர்ப்பளித்தது. பட்டத்துக்குத் தேர்வு நடத்தியதும் எந்தக் கருத்து செல்லும் என்று முடிவு செய்ததும் ஓர் அமைப்பே.

1909இல் உரோமையில் தோன்றிய திருத்தந்தையின் விவிலியக் கல்விக்கூடம் இயேசு சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. முதல் தலைவர் லியோபோல்ட் ஃபோங்க் லக்ராஞ்சின் வரலாற்றுத் திறனாய்வு அணுகுமுறையை எதிர்த்தவர். 1912இல் லக்ராஞ்சின் சில நூல்கள் குருமடங்களில் விலக்கப்பட்டன. அவரும் எருசலேமை விட்டு ஓராண்டு பிரான்சில் இருக்க நேர்ந்தது.

மொழிப்பயிற்சியின் விளைவு

கருத்துகளுக்குக் கட்டுப்பாடு இருந்தபோதும் உரோமைக் கல்விக்கூடம் எபிரேயம், கிரேக்கம் ஆகியவற்றில் கடுமையான பயிற்சி தந்தது. 1916இல் ஆணையத்தின் பெயரால் லைசென்சியேட் பட்டம் வழங்கும் உரிமையும், 1928இல் ஆணையத்தைச் சாராமல் டாக்டர் பட்டம் வழங்கும் உரிமையும் அதற்குக் கிடைத்தன. இடையில் 1924இல், குருமடங்களில் விவிலியம் கற்பிக்க இத்தகைய பட்டம் வேண்டும் என்று 11ஆம் பயஸ் விதித்தார். இந்த விதியே திருப்புமுனை. அதனால் மூலமொழி அறிந்த பேராசிரியர்கள் பல நாடுகளின் குருமடங்களில் அமர்ந்தனர். லத்தீன் மொழிபெயர்ப்பான வுல்காத்தாவை மட்டும் நம்பிப் பாடம் நடத்திய காலம் மெல்ல முடிவுக்கு வந்தது.

1943 செப்டம்பர் 30, புனித எரோணிமுவின் திருநாள். அன்று 12ஆம் பயஸ் விடுத்த சுற்றுமடல் மூலமொழிப் பாடத்துக்கு முதன்மை தந்தது; விவிலிய ஆசிரியர்கள் கையாண்ட இலக்கிய வகைகளை ஆராயும்படி பணித்தது. வுல்காத்தாவின் சட்ட மதிப்பு வேறு, பாட ஆய்வு மதிப்பு வேறு என்றும் பிரித்துக் காட்டியது. 1930 முதல் கல்விக்கூடத்தின் தலைவராக இருந்த அகுஸ்தின் பேயாவுக்கு அச்சுற்றுமடலின் உருவாக்கத்தில் பங்குண்டு.

எதிர்ப்பு அத்தோடு ஓயவில்லை. 1960களின் தொடக்கத்தில் கல்விக்கூடத்தின் பேராசிரியர்கள் லியோனே, செர்விக் இருவரும் புதிய ஏற்பாட்டு விளக்கம் கற்பிப்பதிலிருந்து நிறுத்தப்பட்டு, 1964இல் திரும்ப அனுமதிக்கப்பட்டனர். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, இலக்கிய வகைகளைக் கருத்தில் கொள்ளும் வாசிப்பை உறுதிசெய்தது.

1971இல் 6ஆம் பவுல் ஆணையத்தையே மாற்றியமைத்தார். கர்தினால்கள் இருந்த இடத்தில் விவிலிய அறிஞர்கள் உறுப்பினரானார்கள். 1904இல் தேர்வு எழுதும் நிலையில் வைக்கப்பட்ட வகையினர், முக்கால் நூற்றாண்டு முடிவதற்குள் திருச்சபைக்கு ஆலோசனை சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டனர். விவிலிய விளக்கம் குறித்து 1993இல் வந்த ஆணையத்தின் ஆவணம், வரலாற்றுத் திறனாய்வு முறை இன்றியமையாதது என்று தெளிவாகக் கூறியது.