தாமரை இலையும் தேன் கரண்டியும்

‘தாமரை இலைத் தண்ணீர் போல’ என்னும் உவமை பாடத்தில் வரும்போதெல்லாம் பற்றற்ற வாழ்வு குறித்து நீண்ட நேரம் பேசியிருக்கிறேன். நீர் ஏன் ஒட்டுவதில்லை என்று நானும் எண்ணியதில்லை, மாணவர்களும் கேட்டதில்லை. இலை வழவழப்பாக இருப்பதால்தான் என்று மனத்துக்குள் ஒரு விடை கிடந்தது. அது தவறான விடை.

வில்ஹெல்ம் பார்த்லோட் என்னும் ஜெர்மானியத் தாவரவியலாளர் 1970களில் ஹைடெல்பெர்க் நகரில் இலைகளின் மேற்பரப்பை எலக்ட்ரான் நுண்ணோக்கி கொண்டு ஆராய்ந்து வந்தார். தாவரங்களை வகைப்படுத்துவதே அவர் நோக்கம். புதுப் பொருள் எதையும் அவர் தேடவில்லை. நுண்ணோக்கியில் வைக்குமுன் இலைகளைக் கழுவ வேண்டும். சில இனங்களுக்கு மட்டும் அந்த வேலையே தேவைப்படவில்லை. வழவழப்பான இலைகளில்தான் அழுக்குப் படிந்திருந்தது. சொரசொரப்பானவை தூய்மையாக இருந்தன. ஆய்வுக்கு இடையூறான தூசியே ஆய்வுப் பொருளாயிற்று.

தாமரை இலையின் மேற்புறம் முழுதும் நுண்மேடுகள். ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. அவற்றின் மேல் அதனினும் நுண்ணிய மெழுகுக் குழல்கள். நீர்த்துளி மேடுகளின் நுனியை மட்டும் தொட்டு, இடையே சிக்கிய காற்றின் மீது நிற்கிறது; உருளும்போது தூசியையும் வாரிச் செல்கிறது. இத்தகைய பரப்புகளில் நீர் நிற்கும் இயற்பியலை காஸியும் பாக்ஸ்டரும் 1944லேயே எழுதிவிட்டனர். அந்தச் சமன்பாடு குளத்துக்கு வந்து சேரத்தான் இத்தனை காலம்.

1977இல் பார்த்லோட் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டார். வகைப்பாட்டியலாளருக்கு அப்பால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பின்னர் பான் நகரில் பணியாற்றியபோது, சொரசொரப்பான பரப்பு தூய்மையாக இருக்கும் என்பதைத் தொழிற்சாலைக்காரர்களை நம்பவைப்பது பெரும்பாடாக இருந்தது. நுண்மேடுகள் கொண்ட கரண்டி ஒன்றைச் செய்து, அதிலிருந்து தேன் ஒட்டாமல் உருண்டோடுவதைக் காட்டினார். (நூறு கட்டுரைகளைவிட அந்தக் கரண்டி அதிகம் பேசியிருக்கும்.) நைன்ஹூயிஸுடன் இணைந்து அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1997இல் வந்தது. 1999இல் லோட்டுசான் என்னும் சுவர்ப்பூச்சு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. மழையே சுவரைக் கழுவிவிடும் என்பது அதன் சிறப்பு.

உவமையை முதலில் சொன்ன புலவன் குளக்கரையில் நின்று துளியைப் பார்த்திருப்பான். நாங்கள் உரையைத்தான் பார்த்தோம்.

ஒன்று மட்டும் இலையிடமே இருக்கிறது. தேய்ந்த மெழுகை உயிருள்ள இலை மீண்டும் சுரந்துகொள்ளும். பூச்சு தேய்ந்தால் சுவருக்கு மறுபடியும் ஆள் வர வேண்டும்.